ஆமைத் தொட்டிக்கு டீசல் ஃபில்டர்

மூன்றாம் வகுப்போடு நின்ற நான், கிளீனராக ஏறி நான்கு லாரிக்கு முதலாளியானவன். சங்ககிரியில் என் கை படாத எஞ்சின் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் கிணற்றில் கிடைத்த ஆமையை என் மனைவி சிமெண்ட் தொட்டியில் விட்டு, "சாமி" என்று கூப்பிட்டு வளர்த்தாள். தினமும் தண்ணீர் மாற்றி அவள் சிரமப்படுவதைப் பார்த்து, பழைய லாரியின் டீசல் ஃபில்டரைக் கழுவி, சிறு மோட்டாரோடு தொட்டியில் பொருத்தினேன்.

"ஏனுங்க, டீசல் வாசம் அடிக்குதுங்களே?"

"டீசலையே சுத்தம் பண்றது தண்ணியப் பண்ணாதா புள்ள? எனக்கேவா சொல்லித்தர்ற?"

மூன்றாம் நாள் ஆமை செத்து மிதந்தது. அவள் அதை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாசம் போகட்டுமென்று அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது அவள் "ஏனுங்க" என்றால், கையிலிருக்கும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன். ஆனால் அவள் முன்போல் கூப்பிடுவதில்லை.