ஒன்றேகால் மணித்தியாலம்

போன கிழமை பிக்கரிங்கில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் குடும்பத்தோடு ஐரோப்பாச் சுற்றுலா போகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தான். கைபேசியைத் தட்டிவிட்டு, “அம்மா, பாரிசிலயிருந்து சூரிச் பிளேனில ஜஸ்ற் ஒன்றேகால் மணித்தியாலம்! ஸோ குளோஸ்!” என்றான். இரண்டு நகரத்தையும் தானே இழுத்துக் கிட்ட வைத்தவன் மாதிரி ஒரு பெருமை. எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை.

அந்தத் தூரத்தை நான் அடிமட்டம் வைத்தே அளந்திருக்கிறேன். அப்போது கனடா வந்த புதிதில், ஸ்காபரோவில் ஈரக் கம்பளம் மணக்கும் ஒரு பேஸ்மன்ற்றில் இருந்தேன். அண்ணை பாரிசில், தம்பி சூரிச்சில். இருவருக்கும் அகதி வழக்கு முடியவில்லை, எல்லை தாண்டக்கூடாது. பெரிய புத்திசாலியான நான் பழைய அட்லஸ் ஒன்றில் அளந்து பார்த்துவிட்டு, “அரை அங்குலம்தானே அண்ணை, ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வாங்கோவன்” என்றேன்.

“அந்த அரை அங்குலத்திலதான் பொலிஸ் நிக்கிறான், பிள்ளை” என்றார்.

ஆகவே, போன் எடுக்கவும் அவர்களிடம் காசில்லாத அந்தக் காலத்தில், என் சமையலறை மஞ்சள் போன்தான் அவர்களுக்கு விமானம். ஞாயிறு காலையில் பாரிசுக்கு எடுப்பேன். ஒரு பொத்தானை அமத்திச் சூரிச்சுக்கு எடுப்பேன். திரும்ப அமத்தினால் மூவரும் ஒன்றாகக் கதைக்கலாம். ஒருநாள் இலக்கம் பிழைத்து, யாரோ ஒரு சுவிஸ்காரரிடம் அண்ணை “சாப்பிட்டியே ராசா?” என்று உருகிக்கொண்டிருந்தார். சரியான ஆள் கிடைத்தால் இரண்டு பேரும் அழுவார்கள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்பேன், அழ ஒரு சாட்டு வேண்டுமே.

“விசா கிடைச்ச அண்டைக்கே வாறன், அண்ணை” என்று தம்பி கிழமைக்கொரு சத்தியம் பண்ணுவான்.

கிடைத்தது. பிறகு கடவுச்சீட்டும் கிடைத்தது. ஒருமுறை போய்க் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தான். அவ்வளவுதான். அதன்பின் துரைக்கு நேரமில்லை. டுபாயில் ஒட்டகத்தில் ஏறுவான், தாய்லாந்தில் யானைக்கு வாழைப்பழம் கொடுப்பான், பாரிசுக்கு மட்டும் லீவு கிடைக்காது. அண்ணையும் லேசுப்பட்டவரில்லை. “நான் மூத்தவன், அவன் வரட்டும்” என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அழைப்பும் நின்றுபோனது. பொலிஸ் பிரித்து வைத்திருந்த காலத்தில் இருந்த பாசம், வழி திறந்ததும் எங்கே போய் ஒளிந்ததோ!

போன வருடம் அண்ணைக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை என்று நாள் குறித்தார்கள். மூத்தவர் இறங்கி வந்தார். “தம்பியை ஒருக்கா வரச் சொல்லு. அவனைப் பார்த்திட்டுப் போய்ப் படுக்கிறன்.”

தம்பியிடம் சொன்னேன். “ஒன்றேகால் மணித்தியாலம்தானே அக்கா, எப்பவும் போகலாம். ஒப்பரேசன் முடியட்டும், ஆறுதலாப் போறன்” என்றான்.

நான் ரொறன்ரோவிலிருந்து ஏழரை மணித்தியாலம், கால் இரண்டும் வீங்க, பறந்து போனேன். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தபோது அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

“அவன் எங்க?”

“வருவான் அண்ணை” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

மறுநாள் அவர் கண் விழிக்கவில்லை. தம்பி அன்று பின்னேரமே வந்து நின்றான். செத்தவீடு என்றதும் லீவு உடனே கொடுத்துவிட்டார்களாம்.