கயிலைக்கு இருபத்திரண்டு படி

வரும் ஆடியில் கயிலை மலைக்குப் போகப்போவதாகப் பரமலிங்கம் 1986 தை மாதத்தில் ஊருக்கு அறிவித்தார். அதுவரை அவர் ஏறிய ஆகப் பெரிய உயரம் யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தின் மேல்மாடி. அங்கே முப்பது வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சுவேலியில் மலை கிடையாது. ஏற்றம் என்று சொல்லத்தக்க ஒரு வீதிகூட இல்லை. ஆகவே லண்டனில் இருக்கும் தம்பி பாதியில் விட்ட மாடிவீட்டின் படிக்கட்டை மலையாக்கிக்கொண்டார்.

இருபத்திரண்டு படி. உயரம் பதினொரு அடி. சித்திரைக் கடைசியில் தொடங்கி, காலையில் முப்பது தரம், மாலையில் முப்பது தரம் ஏறினார். வைகாசி வெயிலில் குரங்குத் தொப்பி, கம்பளிக் காலுறை, முதுகுப் பைக்குள் உரிக்காத தேங்காய் நாலு. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு. கோடுகளைப் பதினொன்றால் பெருக்கினால் அவர் நிற்கும் உயரம். இறங்கியதை அவர் கழிக்கவில்லை. மனைவி செல்வநாயகி முதல் நாளே அதைக் கவனித்தாள், ஆச்சரியப்படவில்லை. அவருடைய வாழ்க்கைக் கணக்கும் அப்படித்தான். இறங்கியதெல்லாம் நடக்கவேயில்லை.

"அண்ணை, இண்டைக்கு எவடத்திலை?" என்று பக்கத்து வளவுக் கனகலிங்கம் வேலிக்கு மேலால் கேட்பார்.

"ஒன்பதாயிரம் அடி தாண்டியாச்சு. இனித்தான் காத்து மெலியும்."

"ஓம், மூச்சு வாங்கிறது வேலிக்கு இஞ்சாலையும் கேக்குது."

பரமலிங்கம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அந்தக் கிழமை கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மிசின் பழுதானது. அதற்கான சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும். சண்டையால் பாதை இருந்த நிலையில் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. செல்வநாயகி தன் சீதனக் காணியில் நாலு பரப்பு வெங்காயம் நட்டிருந்தாள். இன்னும் நாலு தண்ணீர் கண்டால் பயிர் தப்பும். தாள் நுனிகள் ஏற்கெனவே மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

கிணற்றடியில் பழைய துலா இருந்தது. கூலிக்கு வரும் ஏரம்பு வாளி பிடிக்கச் சம்மதித்தார். மேலே நின்று துலாவை மிதிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த நீண்ட மரத்தில் கிணற்றுப் பக்கமாக நடந்தால் வாளி தாழும். திரும்பி நடந்தால் தண்ணீரோடு எழும். இயக்கத்துக்கும் வெளிநாட்டுக்கும் போனதில் ஊரில் இளந்தாரிகள் இல்லை. அவள் படிக்கட்டடிக்குப் போனாள்.

"இஞ்சாருங்கோ, நாலு இறைப்புக்குத் துலா மிதியுங்கோ. அதுவும் ஏறி இறங்கிறதுதானே."

"கயிலையைச் சுத்தப்போற கால் இது. உம்மடை வெங்காயத்துக்குத் துலா மிதிக்க நானென்ன கூலிக்காரனோ?"

"கூலிக்காரனெண்டால் இப்பிடி வந்து கெஞ்சமாட்டன்."

அவர் சுவரில் இன்னொரு கோடு இழுத்தார்.

அடுத்த நாள் காலை செல்வநாயகி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு துலாவில் ஏறினாள். அந்த ஊரில் பெண்கள் துலா மிதிப்பதில்லை. பத்து வாளி இறைப்பதற்குள் வேலி முழுவதும் தலைகள். செய்தி கேட்டுப் பரமலிங்கம் தொப்பியோடே ஓடிவந்தார்.

"ஊர் சிரிக்குது. இறங்கும்."

"நீங்கள் ஏறுங்கோ, நான் இறங்கிறன்."

அவரை அசைக்கக்கூடிய ஒரே தெய்வம் அயலாரின் கண். காலுறையைக் கழற்றிவிட்டு ஏறினார். படிக்கட்டு அசைவதில்லை, துலா அசையும். எட்டாம் வாளியில் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டார். பதினோராம் வாளியில் மரத்தின்மேல் குந்தி, கையாலும் காலாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வாளி கிணற்றின் நடுவில் தொங்கியது.

"ஐயா, உதிலை இருந்தால் தண்ணி வராது," என்றார் ஏரம்பு.

"அண்ணை, உது எத்தினையாயிரம் அடி?" என்றார் கனகலிங்கம்.

அவர் இறங்கினார். அவள் ஏறினாள். அன்று மத்தியானம் வரைக்கும், பிறகு மூன்று இறைப்புக்கும் அவளே மிதித்தாள். உள்ளங்கால் தோல் உரிந்தது. முக்கால்வாசி வெங்காயம் தேறியது. அதை வீரம் என்று சொல்லத் தேவையில்லை. செய்யவேண்டிய வேலை, செய்யப்பட்டது.

பரமலிங்கம் மறுநாளே படிக்கட்டுக்குத் திரும்பினார். கோடுகள் மட்டும் குறைந்துகொண்டே போயின. ஆனியில் வெங்காயம் கிண்டி, பிடி கட்டி முடிந்ததும் காயவைக்க நிழலும் காற்றும் உள்ள இடம் வேண்டியிருந்தது. செல்வநாயகி இருபத்திரண்டு படியிலும் அடுக்கினாள். அவருடைய முகத்தில் அவள் கண்டது ஆறுதல்.

ஆடியில் அவர் எங்கேயும் போகவில்லை. கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான்.

"பன்னிரண்டாயிரம் அடி ஏறியாச்சு. பிறகு படியெல்லாம் வெங்காயம். மனிசன் எப்பிடி ஏறிறது?"