நாச்சியம்மாளின் ஓடாத மொபெட்

நாச்சியம்மாள் சூலூரில் விசைத்தறிக்கு நடந்தே போய்வருகிறவள். கோபத்திலும் 'ங்க' போடாமல் பேசமாட்டாள். போகிற வழியில் உள்ள சந்திப்பில் கேமரா சிக்னல் வைத்ததிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்தது. அவள் வரும் சந்தில் வண்டி நின்றால்தான் பச்சை விழும்; நடக்கிற சனம் வெயிலில் காயவேண்டியதுதான்.

"எங்களுக்கு எப்பங்க பச்சை?" என்று சிக்னலைச் சரிபார்க்க வந்த இன்ஜினியரிடம் கேட்டாள்.

"கேமரா வண்டியை மட்டுந்தாம்மா பார்க்கும்."

மறுநாள், கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த மொபெட்டை உருட்டிவந்து சந்து முனையில், வண்டிகள் நிற்கும் வெள்ளைக்கோட்டின் அருகே நிறுத்தினாள். பச்சை விழுந்தது. தறிக்காரப் பெண்கள் அத்தனை பேரும் அவளோடு ரோட்டைக் கடந்தார்கள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

"ஓடாத வண்டியை எதுக்கும்மா தள்ளிட்டு வர்றீங்க?" என்று இன்ஜினியர் சிரித்தார்.

"இஞ்சின் செத்து வருசமாச்சுங்க. செத்த வண்டி உங்க கேமராவுக்குத் தெரியுது. உசுரோட நிக்கற நாங்க தெரியலீங்களா?"