கண்மாய்க்குள் முளைத்த அருகு

கண்மாயை விட்டுக் காளவாசல் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, காலில் வார் அறுந்த செருப்பு. "இன்னிக்குக் கோர்ட்லருந்து அளக்க வாராக. நீ இங்க நிக்காத, கெளம்பு" என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார்.

கண்மாயைத் தூர்வார அரசாங்கத்திடம் வேலை எடுத்த காண்ட்ராக்டர், நாலடி தோண்டியதாக எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டடிதான் என்று ஒரு விவசாயி வழக்குப் போட்டிருந்தார். நாலடி என்று முடிவானால் மறுபடி யாரும் தோண்ட மாட்டார்கள். அவருடைய கடைசி வயல்வரை தண்ணீர் எட்டாது.

மண்வேலையில் நடுவே ஒரு திட்டைத் தோண்டாமல் விட்டுவைப்போம். அதற்குச் சாட்சி என்று பெயர். அதன் உயரம்தான் தோண்டிய ஆழம். உச்சியில் புல் இருந்தால் கை படாத மண் என்று அர்த்தம். எங்கள் சாட்சி இரண்டடிதான் நின்றது. சூப்பர்வைசர் சொன்னபடி அதன்மேல் இன்னும் இரண்டடி மண் போட்டு மிதித்து, புல் பதித்தவன் நான். இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றியதில் புல் வேர் பிடித்துவிட்டது. பார்த்தால் எனக்கே நம்பிக்கை வந்தது. பிடிபடுமா, தப்புமா? அதைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. பாதி வழியில் திரும்பினேன்.

கோர்ட் அனுப்பிய கமிஷனர் ஒரு வக்கீலம்மா. டேப் வைத்துப் பார்த்து, நாலடி என்று எழுதப் போனார். விவசாயி குனிந்து புல்லைக் கிள்ளினார்.

"மேடம், இது அருகு. தண்ணி நிக்கிற கண்மாய்க்குள்ள கோரைதான் மொளைக்கும். அருகு கரையிலதான கெடக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. பச்சையாக இருக்கிறதே என்று கரையிலிருந்துதான் வெட்டி வந்தேன். ஐந்தாவதோடு நின்றவன், வயலில் இறங்கியதும் கிடையாது. எனக்குப் புல் என்றால் புல்.

"காத்துல வெதை வந்திருக்கும்" என்றார் சூப்பர்வைசர்.

"அம்புட்டுக் கண்மாயையும் விட்டுட்டு, இந்தத் திட்டு தலையில மட்டும் வந்து உக்காந்துச்சாக்கும்?" என்றார் விவசாயி. கூட்டம் சிரித்தது.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "புல்லை மட்டும் வச்சு நான் எழுத முடியாது."

விவசாயி கிள்ளிய புல்லைக் கீழே போட்டார்.

"பக்கவாட்டுல வெட்டிப் பாருங்க மேடம். நடுவுல பழைய கோரை அமுங்கிக் கெடக்கும்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மண்ணு போட்டதே நாந்தான்."

"இனி ஒரு சைட்ல நீ கால வச்சிரு, பாக்குறேன்" என்றார் சூப்பர்வைசர்.

விவசாயியே மண்வெட்டியால் சீவினார். சரியாக இரண்டடியில் கறுத்த கோரை கோடுபோல ஓடியது. வக்கீலம்மா அங்கே டேப்பை வைத்துப் படம் எடுத்து, எழுதிக்கொண்டார். கூப்பிட்டால் கோர்ட்டுக்கு வரவேண்டும் என்று என் பெயரையும் குறித்துக்கொண்டார்.

"இம்புட்டு வேலை பாத்துட்டுப் புல்லுல கோட்டை விட்டுட்டியே மாப்ள" என்று விவசாயி கண்மாய்க்குள் ஓரமாக நின்ற கோரை ஒன்றைப் பிடுங்கித் தந்தார். விரலில் உருட்டினேன், உருளவில்லை. தண்டுக்கு மூன்று பட்டை இருந்தது.

சூப்பர்வைசர் வாயால் மட்டும் மிரட்டுகிற ஆள் இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் மூன்று மேஸ்திரிகள் எனக்கு வேலை இல்லை என்றார்கள். மறுநாள் காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கச் சேர்ந்தேன்.