கைதட்டியது யார் என்று பார்த்த அக்கா

எங்கள் அக்கா எங்களைவிட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள், நான் அக்காவின் பொறுமையைப் பற்றி எழுதுவேன் என்று நினைக்கலாம். அக்காவுக்குப் பொறுமை கிடையாது. அதிலும் நான் மைக்கைப் பிடித்துவிட்டால் சுத்தமாகக் கிடையாது.

அக்கா கோவில்பதாகையில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, அம்பத்தூரில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தார். என்னை ஐடிஐ படிக்க வைத்து அதே கம்பெனியில் சேர்த்துவிட்டவரும் அவரே. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார்.

நான் தொழிற்சங்கச் செயலாளரானதும் கம்பெனி வாசலில் நடக்கும் கேட் கூட்டங்களில் பேச ஆரம்பித்தேன். அக்கா பெண்களோடு முன்வரிசையில் உட்கார்வார். என்னைப் பார்க்க மாட்டார். கேட்பவர்களின் முகங்களைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். கூட்டம் கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்தால் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வார். முடித்துக்கொள் என்று அர்த்தம். எனக்குக் கோபம் வரும், ஆனாலும் முடித்துவிடுவேன். ஒரே ஒரு நாள்தான் முடிக்கவில்லை.

ஒப்பந்தப் பெண்களை நிரந்தரமாக்கக் கேட்டு எல்லோரும் வேலைநிறுத்தத்தில் இருந்தோம். இரண்டாவது வாரம் நிர்வாகம் அந்தப் பெண்களிடம் ஒரு தாளை நீட்டியது. மறுநாள் காலைக்குள் கையெழுத்துப் போட்டால் பழையபடி ஒப்பந்த வேலை, போடாவிட்டால் வேலையே இல்லை. அந்தப் பெண்கள் உறுதியாக நின்றால் ஜெயிக்கலாம். அன்று மாலை நான் பேசப்போவதில்தான் எல்லாம் இருந்தது.

எதிரில் போலீஸ் வேன். நான் மைக்கைப் பிடித்தேன். "கையெழுத்துப் போடுறவங்க துரோகிங்க!" என்று கத்தினேன். விசில் பறந்தது. அக்கா பையை மாட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா எழுந்தே நின்றுவிட்டார். நான் முன்வரிசையைக் கைநீட்டிக் காட்டி இன்னொரு முறை துரோகி என்றேன். கைதட்டல் காதைப் பிளந்தது.

இறங்கியதும் அக்கா என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

"இன்னாடா பேசிகினு கீற? கை தட்னது யாருன்னு பாத்தியா?"

"அல்லாரும்தான் தட்னாங்க."

"பின்னாடி நின்னுகினு இருந்த மத்த கம்பெனிக்காரங்க தட்னாங்க. அவுங்களுக்கு நாளைக்கும் வேலை கீது. நம்ம பொண்ணுங்க ஒருத்தி தட்டல. தலைய குனிஞ்சிகினாங்கடா. ஒவ்வொரு ஊடா இப்பவே போய்ப் பேசு."

"உனக்குக் கொறை சொல்றதே வேலை" என்று கையை உதறிவிட்டுப் போனேன். யார் வீட்டுக்கும் போகவில்லை.

காலையில் அந்தப் பெண்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்ட தாளோடு உள்ளே போனார்கள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. சூப்பர்வைசர் அக்காவையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா என் பக்கத்திலேயே நின்றார்.

"தோத்துட்டோம்னு நேத்தே தெரியும்ல? நீ ஏன்க்கா போவல?"

"உன் பேச்சுதான்டா நல்லால்ல. நீ கேட்டது நாயம்தானே."

கையெழுத்துப் போடாத அக்காவுக்கும் வேலைநிறுத்தத்தை நடத்திய எனக்கும் வேலை போனது. அக்கா அயனம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலைக்குப் போனார். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நீ சொன்னதுதான் சரி என்று நானும் வாய் திறந்து சொன்னதில்லை. வீம்புதான், வேறென்ன?

அக்காவுக்குப் புற்றுநோய் முற்றிப் படுக்கையில் விழுந்தபோது, கையெழுத்துப் போட்ட அந்தப் பெண்கள் ஷிப்ட் முடிந்து கஞ்சியோடு மாற்றி மாற்றி வந்தார்கள். அவர்கள் வந்தால் நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அக்காவின் மூச்சு நின்றபோதும் நான் வராந்தாவில்தான் இருந்தேன். கடைசியாக வாயில் தண்ணீர் விட்டது அவர்களில் ஒருவர்.

பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பந்தல் போட்டதிலிருந்து பதினாறாம் நாள் வரை கூட நின்ற தெருக்காரர்களுக்கும், உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கம்பெனித் தோழிகளே, நான் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். அத்தனை பேர் முன்னால் உங்களைத் துரோகிகள் என்றேன். அது தப்பு. அக்கா இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடுங்கள்.