ராம் பதினாறு ஜிபி, எண்ணிக்கை ஒன்று

பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். குண்டூசி முதல் ஜெனரேட்டர் வரை வாங்கியிருக்கிறேன். ஒரு தணிக்கைக் குறிப்பும் என் பெயரில் நின்றதில்லை. ஓய்வுக்குப் பிறகு வீட்டில் வாங்குவதற்குப் பெரிதாக எதுவும் இல்லாததால் கத்திரிக்காய்க்கு மூன்று கடைகளில் விலை கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி இதை வியாதி என்றாள். நான் நடைமுறை என்றேன்.

மகள் சென்னையில் பார்த்த வேலை போய், எட்டு மாதமாக எங்களோடு இருந்தாள். முதல் இரண்டு மாதம் தினமும் விண்ணப்பம் அனுப்பினாள். பிறகு அனுப்புகிறாளா என்று கேட்கவே எங்களுக்குப் பயமாக இருந்தது. சாப்பிடும்போது யாராவது போனில் அழைத்தால், எடுப்பதற்கு முன் அவள் முகம் ஒரு நொடி மாறும். நானும் மனைவியும் அந்த நொடியைப் பார்க்காதது போல ரசத்தைக் கலக்குவோம்.

அப்படி இருக்கையில் பெங்களூரில் ஒரு நிறுவனம் அவளைத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் தயாரிக்கும் கணினி விளையாட்டுகளை வீட்டிலிருந்தே விளையாடிப் பார்த்துக் குறைகளைச் சொல்ல வேண்டும். இதற்குச் சம்பளம். ஒரே நிபந்தனை, கேமிங் கம்ப்யூட்டர் நம்முடையதாக இருக்க வேண்டும். அவர்கள் தரும் சோதனை புரோகிராமை அதில் ஓட்டி, முடிவைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அன்றைக்குச் செவ்வாய்.

அவள் சேமிப்பும் நான் போடுவதுமாக எழுபதாயிரம் தேறியது. முழுதாக வாங்கினால் அதற்குள் அடங்காது, உதிரிகளை வாங்கி நாமே பூட்டலாம் என்றாள். ஆன்லைனில் பார்த்தால் பெரம்பலூருக்கு வந்து சேர அடுத்த புதன் ஆகும் என்று காட்டியது. ஆகவே கடைகள். இதற்கு நடுவில் பழைய கம்பெனியில் விடுவிப்புக் கடிதம் வாங்க அவள் சென்னை போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தாள்.

"அப்பா, இதுல இருக்கறத அப்படியே வாங்குங்க. ஒரு எழுத்து மாறக் கூடாது."

"முப்பத்தொரு வருஷம் வாங்கியிருக்கேம்மா."

"அதான் பயமா இருக்கு" என்றாள், பையைத் தோளில் போட்டபடி.

எட்டு வரிகள். ஒவ்வொன்றிலும் கம்பெனிப் பெயர், அதன் பின்னால் வண்டி நம்பர் போல நீளமான மாடல் எண். பார்த்ததும் எனக்குள் இருந்த கொள்முதல் பிரிவு விழித்துக்கொண்டது. விவரக்குறிப்பில் தயாரிப்பாளர் பெயர் வரக் கூடாது. வந்தால் போட்டி இருக்காது, போட்டி இல்லையென்றால் விலை இறங்காது. எத்தனை பேருடைய கோப்புகளை இதற்காகவே திருப்பி அனுப்பியிருப்பேன். வெள்ளைத்தாளில் திருத்தமாக எழுதினேன். மதர்போர்டு, எண்ணிக்கை ஒன்று. ராம் பதினாறு ஜிபி, எண்ணிக்கை ஒன்று. கிராபிக்ஸ் கார்டு எட்டு ஜிபி, எண்ணிக்கை ஒன்று. கேபினெட் (வெளிப்பெட்டி), எண்ணிக்கை ஒன்று. இப்படி எட்டு. மகளின் பட்டியலைக் கோப்பில் இணைப்பாகக் கோத்து வைத்தேன்.

வியாழக்கிழமை காலை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் தாளை இரண்டு முறை படித்தார்.

"மாடல் என்னங்க சார்?"

"அது சொல்ல மாட்டோம். தேவையை மட்டும் சொல்லுவோம். நீங்க விலைய போடுங்க."

"போர்டும் பிராசஸரும் ஜோடியாத்தான் சார் தருவேன். மாத்தி வாங்கிட்டு எங்கிட்ட வந்து நிப்பாங்க."

எனக்கு அது பிடிக்கவில்லை. விதிவிலக்கு என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

"இந்த விலை எத்தனை நாளைக்குச் செல்லும்?"

"நாளா? சாயங்காலம் வரைக்கும் சார். ராம் வெல நெதம் ஏறுது."

தொண்ணூறு நாள் செல்லுபடியாகும் விலைப்புள்ளிகளோடு வாழ்ந்தவன் நான். புதிய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கடைக்கு ஓடினேன், பிறகு மூன்றாவது விலைக்காக அரியலூர் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் சிமெண்ட் லாரிகள். ஒவ்வொன்றையும் டிரைவர் முந்த முடியாமல் ஹாரன் அடிக்கும்போது, இதற்குள் ராம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

அரியலூரில் ரயில்வே ஸ்டேஷன் போகும் சாலையில் ஓர் அம்மாள் கடை வைத்திருந்தார். அவர் எழுதிக் கொடுத்த ராம் விலை மற்ற இருவரையும்விட மிகக் குறைவு. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். இனவாரியாக யார் குறைவோ அவரிடம் அது. மொத்தத்தில் ஆறாயிரத்து நானூறு மிச்சம். இத்தனை அழகான ஒப்பீட்டுப் பட்டியலைப் பணியில் இருந்தபோதுகூடப் போட்டதில்லை. ராமை வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில், யாரும் கேட்காமலேயே ஒரு சான்று எழுதிக் கையெழுத்திட்டு அந்த அம்மாளிடம் கொடுத்தேன். பொருள் நல்ல நிலையில் பெறப்பட்டது, விவரக்குறிப்புக்கு ஏற்ப உள்ளது. அவர் அதை விநோதமாகப் பார்த்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டார். அன்று மாலைக்குள் பெரம்பலூர் கடைகளிலும் மிச்சத்தை வாங்கி முடித்தேன்.

சனிக்கிழமை காலை மகள் வந்தாள். குளிக்கக்கூடச் செய்யாமல் பெட்டிகளைப் பிரித்தாள். ராமை எடுத்து போர்டில் பொருத்தப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். கீழே வைத்தாள்.

"அப்பா, இது நாலு. போர்டு அஞ்சு."

"பதினாறுதானம்மா?"

"பதினாறுதான். ஆனா நாலாவது தலைமுறை. இந்த போர்டுல அஞ்சாவதுதான் நொழையும். நான் குடுத்த லிஸ்ட் எங்க?"

"பத்திரமா கோப்புல இருக்கு."

அவள் கத்தியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். கத்தவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். போன் வரும்போது மாறுமே, அதே முகம். இந்த முறை அது நொடியில் போகவில்லை.

மனைவிதான் பேசினாள். "எட்டு மாசமா அவ காத்துக் கெடந்து கெடச்சது. ஆறாயிரத்துக்குப் போயி..." முடிக்காமல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மகள் இரண்டு பெரம்பலூர் கடைகளுக்கும் போன் போட்டாள். ஐந்தாம் தலைமுறை கையிருப்பில் இல்லை, செவ்வாய்தான் வரும் என்றார்கள். அரியலூர்க் கடை போனை எடுக்கவில்லை. ஞாயிறு அது திறக்காது. இரண்டு மணி பஸ்ஸில் கிளம்பினோம். அவள் ஜன்னல் பக்கம், நான் ராம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. பில்லை எடுத்துப் படித்தேன். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. மாற்றித் தரும் நிபந்தனையை நான் எழுதி வாங்கவில்லை. ஒரு கீழ்நிலை எழுத்தர் இப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

"என்னம்மா சொல்லலாம் அவங்ககிட்ட?"

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கப்பா."

கடைக்குள் நுழைந்ததும் சொல்லிவிட்டேன். பொருத்தமற்ற பொருளை வழங்கியது விற்பவரின் பொறுப்பு என்று தொடங்கி இரண்டு வாக்கியம் போயிருப்பேன். அந்த அம்மாள் இழுப்பறையைத் திறந்து என் சான்றை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"இது உங்க கையெழுத்துதானே சார்? விவரக்குறிப்புக்கு ஏற்ப உள்ளதுன்னு போட்டிருக்கீங்க. பதினஞ்சு வருஷமா கடை வச்சிருக்கேன், ஒருத்தர்கூட எனக்கு இப்படி எழுதிக் குடுத்ததில்ல. பிரேம் போடலாம்னு இருந்தேன்."

மகள் தாளைப் படித்தாள். அவள் வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா வேறெதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"அக்கா, அவர விடுங்க. திங்கக்கெழம காலையில எனக்கு மிஷின் ஓடணும். ஓடலேன்னா வேல போயிரும். அஞ்சாவது இருக்கா?"

அந்த அம்மாள் பின்னாலிருந்த அலமாரியைத் திறந்து பார்த்தார். "ஒண்ணு இருக்கு. திருமானூர்க்காரரு ஒருத்தரு சொல்லி வச்சது. திங்கக்கெழம வந்து எடுத்துக்கறேன்னாரு."

"ப்ளீஸ்க்கா."

சொல்லி வைத்தவருக்குத்தான் முன்னுரிமை. வரிசை மீறிக் கேட்டு வந்த அமைச்சரின் ஆளையே வெளியே உட்கார வைத்தவன் நான். அன்றைக்கு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, திருமானூர்க்காரர் ஞாபகம் யாருக்கும் வரக் கூடாதே என்று நின்றிருந்தேன்.

அந்த அம்மாள் அவருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மூன்றாம் முறை எடுத்தார். பேச்சு மாடு, மழை என்று எங்கெங்கோ போய் ராமுக்கு வந்தது. "நமக்கு அவசரமில்லக்கா, புதன்கெழம குடுங்க" என்ற குரல் எனக்கே கேட்டது. மகள் கண்ணை மூடித் திறந்தாள்.

பழைய ராமைக் கொடுத்த விலைக்கே எடுத்துக்கொண்டார். இரண்டு நாளில் அதுவும் ஏறியிருந்தது, அவருக்கு நஷ்டமில்லை. புதியதற்கு நான் மிச்சம் பிடித்த ஆறாயிரத்து நானூறும் போய், மேலேயும் போனது. பணத்தை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"சான்று ஏதும் எழுதறீங்களா சார்?"

"எழுதல" என்றேன்.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் வைத்துப் பூட்டினாள். கிராபிக்ஸ் கார்டு, கேபினெட்டின் நீளத்தைவிட இரண்டு விரற்கடை அதிகம். அதுவும் இனவாரியாகக் குறைந்த விலை. முன்பக்கக் காற்றாடியையும் பக்கக் கதவையும் கழற்றிவிட்டு எப்படியோ உள்ளே இறக்கினாள். ஹாலில் இருந்த டிவியில் இணைத்து சுவிட்சைப் போட்டாள். உள்ளே விளக்கெரிந்தது, காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

ஒரு நிமிடம். இரண்டு.

"அணைச்சுட்டுப் போடுவோமா?"

"தொடாதீங்கப்பா. புது ராம், மொத தடவ நேரமெடுக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது."

மனைவி அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள். வேர்த்தது, ஆனால் மின்விசிறியைப் போட எனக்குத் துணிவில்லை. ஏதாவது ஒன்றைப் போட்டால் ஏதாவது ஒன்று போய்விடும் என்று தோன்றியது. என் கை தானாக சுவிட்சை நோக்கிப் போனது. மகள் பார்க்காமலேயே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. நான்காவது நிமிடமோ ஐந்தாவதோ, டிவியில் வெள்ளை எழுத்துகள் வந்தன. அவள் அவற்றில் ஒரு வரியை விரலால் தொட்டாள். பதினாறு.

"ஓடுதா?" என்றாள் மனைவி.

"ஓடுதும்மா. அப்பாவ மொதல்ல ஒக்காரச் சொல்லு."

சோதனை புரோகிராம் முக்கால் மணி நேரம் ஓடியது. கதவில்லாத கேபினெட்டுக்கு நேராக மேசை விசிறியைத் திருப்பி, அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிவு மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தது. திங்கள் மாலை பதில் வந்தது. வியாழக்கிழமை வேலையில் சேர்ந்தாள். இப்போது ஹாலிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, அது சம்பளம்.

கேபினெட் கதவு இன்னும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பெரிய கேபினெட் ஒன்றுக்கு மாடல் எண் எழுதிக் கொடுத்திருக்கிறாள், கீழே இரண்டு கோடு போட்டு. தாள் சட்டைப் பையில் மூன்று நாளாக இருக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டு கடையில் மட்டும் கேட்டேன். அதே மாடல் இருக்கிறது, விலையும் சொல்லிவிட்டார். புதிய பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் தினமும் பால் வாங்கப் போகிறேன். எதிரே இருக்கும் கடைக்குள் விலை கேட்க இதுவரை போகவில்லை.