பட்டாளத்து டயர்

என் மகள் ஓட்டும் பிக்கப், பட்டாளத்தில் ஓடியபின் கழித்து ஏலத்தில் விட்ட பழைய ஜீப். பின்பக்கம் திறந்த பெட்டி. சுண்ணாம்புக்குளம் ஊரின் ஏரிக்கரையில் படகுக்காரர்களிடம் நண்டு எடுத்து, ஆரம்பாக்கத்தில் நெடுஞ்சாலைக்கு வரும் வியாபாரிகளிடம் சேர்ப்பது அவள் தொழில். மீன்வளம் படித்தவள், யாரிடமும் வேலைக்குப் போக மாட்டேன் என்று இதைத் தொடங்கினாள். நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன்.

போன மழைக்காலத்தில் அந்த வண்டி ஏரிக்குள் இறங்கியது. படகுகள் நிற்கும் இடத்துக்குப் போகும் மண்கரை ஒரு வண்டி அகலம்தான். இருபுறமும் தண்ணீர், திருப்ப இடமில்லை. பெட்டிகளைப் பின்னால் ஏற்ற வேண்டும் என்பதால் எல்லா வண்டியும் ரிவர்ஸிலேயே உள்ளே போகும். அன்று பாதிக் கரையில் அவள் வண்டி பக்கவாட்டில் வழுக்கி, மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. நான் குடையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஜன்னல் வழியாக வெளியே வந்து, இடுப்பளவு நீரில் நின்று சிரித்தாள். டிராக்டர் கட்டி வண்டியை இழுத்தார்கள். இப்போதும் எங்காவது ஒரு வண்டி பின்னால் நகர்ந்தால் என் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது.

டயர் மாற்றாமல் வண்டி அந்தக் கரைக்குப் போகக்கூடாது என்றேன். அவள் மறுக்கவில்லை. “ஆனா பட்டாளத்து டயர்தான் போடுவேன், நைனா” என்றாள்.

அழகுக்காகக் கேட்கிறாள் என்று எனக்கு எரிச்சல். ஒல்லியான, கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த அந்தப் பழைய மாதிரி டயர் படங்கள் அவள் போன் முழுக்க இருந்தன. நான் மனத்தில் வைத்திருந்தது அகலமான புது ரக டயர். நெடுஞ்சாலை ஓரத்து டயர் கடைக்கு இருவரும் போனோம்.

கடைக்காரர் இரண்டையும் எடுத்து வைத்தார். “சார், பொண்ணு கேக்கறது சேத்துக்கு நல்லாருக்கும். மழைல தார் ரோட்டுல கொஞ்சம் வழுக்கும். பொய் சொல்லக் கூடாது.”

“கேட்டியா?” என்றேன் அவளிடம்.

“கேட்டேன். தார் ரோட்டுல போயி நான் என்னிக்கு ஏரில வுழுந்தேன்?”

கடைக்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் நான் கேட்ட அகல டயர் பக்கம் என்னை இழுத்துப் போய்க் குனியவைத்தாள்.

“இந்த டயர்ல பட்டன் அம்பு மாதிரி ஒரே பக்கம் பாக்குது பாரு. முன்னால போனா சேத்தை வெளிய தள்ளும். ரிவர்ஸ்ல போனா உள்ள வாரிக்கும். அப்புறம் இது மொட்டை டயர்தான்.” பிறகு பட்டாளத்து டயரை என் முன்னால் உருட்டினாள். “இது குறுக்கால நேரா இருக்குது. இப்பிடி உருட்டு, அப்பிடி உருட்டு, ரெண்டும் ஒண்ணுதான். உராய்வுனு கிளாஸ்ல நீதானே நடத்துவே?”

“பட்டாளத்துக்காரன் போன வேகத்துல பின்னாலயும் வரணும்ல சார்” என்றார் கடைக்காரர்.

நான் டயரை இரண்டு பக்கமும் உருட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

அத்தோடு முடியவில்லை. “கோடவுன்ல பட்டாளத்துலேர்ந்து வந்த ஒரிஜினலே கீது. படகு ஓரத்துல கட்டித் தொங்கவிட வாங்கினு போவாங்க” என்று கடைக்காரர் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய்ப் பட்டன்களுக்கு நடுவே நகத்தால் அழுத்தினேன். நரம்பு நரம்பாக வெடிப்புகள் வாய் திறந்தன.

“இது படகுக்குத்தான்” என்றேன்.

“புதுசுல அந்தக் களை வராது நைனா.”

“களை வேணாம். ரப்பர் வேணும்.”

ஆக, அழகும் அவள் கணக்கில் இருந்திருக்கிறது. பழைய மாதிரியிலேயே புதிதாக வார்த்த டயர்களை வாங்கினோம். மழையில் தார் ரோட்டில் மெதுவாகப் போக வேண்டும் என்றேன். “மாட்டு வண்டி பின்னாலயே போறேன், போதுமா?” என்றாள்.

அடுத்த மழைக்குக் கரையில் போய் நின்றோம். படகுக்காரர் ஒருவர் டயரைப் பார்த்துவிட்டு, “இன்னா வாத்தியாரே, சண்டைக்குப் போறியா?” என்று கேட்டார். நான் வழக்கம்போலக் குடையை விரித்தேன்.

“பின்னால நிக்காத நைனா. கண்ணாடில உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு பயம் வருது. ஏறு உள்ள.”

ஏறினேன். வண்டி பின்னால் நகர்ந்தது. ஒரு இடத்தில் பின்பக்கம் லேசாக விலகியது. நான் கதவுப் பிடியை இறுக்கினேன். டயர் சேற்றைக் கடித்தது, உதறியது, மறுபடி கடித்தது. அவள் ஸ்டியரிங்கை அசைக்கவேயில்லை. படகுகள் வரை போய் நின்றோம்.

பெட்டிகள் ஏறின. “இன்னும் இறங்கலியா?” என்றாள். திரும்பும்போதும் உள்ளேயே இருக்கிறேன் என்றேன். இப்போது மழை நாட்களில் நானும் அவளோடு போகிறேன். என்னால் முன் சீட்டில் ஒரு பெட்டி நண்டுக்கு இடம் போகிறது என்று அவள் முணுமுணுக்கிறாள். முணுமுணுக்கட்டும்.